கணக்கப்பிள்ளை ஆடிய தோடம்பழ ஆட்டம்

கல்யாண வீடுகளில் என் வயதுக்காரர்கள் ஐந்தாறு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், சோறு வரும்வரை பேசுவதற்கு ஒரே விஷயம்தான். "இந்தக் காலத்துப் புள்ளைங்க போனையே தின்னுதுங்க." ஒருவர் தொடங்கிவிட்டால் போதும், மற்றவர்கள் விடமாட்டார்கள். "நாமெல்லாம் அப்பிடியா வளந்தோம்? காடு மேடெல்லாம் ஓடியாடி வளந்தோம்." எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். நானும் ஆட்டுவேன், ஆனால் என் தலை கொஞ்சம் மெதுவாகத்தான் ஆடும். காடும் மேடும் அதன் பாட்டுக்குக் கிடக்க, ஒரு ஆகஸ்ட் மாதம் முழுக்க நான் உள்ளங்கை அகலக் கண்ணாடியை விட்டுத் தலை நிமிரவில்லை. நான் மட்டுமா? எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் பதினொரு பேரும்தான். பிள்ளைகள் மட்டும்தானா என்று கேட்டீர்களானால் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், என் வாய் அப்படி.

எண்பதுகளின் தொடக்கம். இலங்கையில், லுணுகலை டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் மலையேறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். எனக்குப் பதினொரு வயது. சவூதியில் வீட்டு வேலைக்குப் போயிருந்த என் சித்தி இரண்டு வருஷம் முடித்து அந்த ஆகஸ்டில்தான் வந்து இறங்கினாள். பூப்போட்ட கம்பளி ஒன்று, கேசட் போடும் ரேடியோ ஒன்று, வாசனைப் பவுடர் டின் மூன்று, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்ட பேரீச்சம்பழம் ஒரு பெட்டி. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அத்தனையும் பரப்பி வைத்தபோது கால் வைக்க இடமில்லை. கடைசியாகப் பெட்டியின் அடியிலிருந்து சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு சாமானை எடுத்தாள்.

"அந்த வீட்டுப் புள்ளைங்க வேணாம்னு வீசிட்டாங்க. நல்லாத்தான் இருக்கு. நேரமும் காட்டும், வெளையாடவும் செய்யலாம்."

அப்பாவின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. "நேரம் காட்டுமா?" என்று கேட்டு வாங்கி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டார். அதுவரை எங்கள் லயத்தில் எவர் காம்பராவிலும் கடிகாரம் கிடையாது. தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எழும்புவோம், ஊதினால் சாப்பிடுவோம். இப்போது அப்பா, யாராவது வாசலில் போனால் கூப்பிட்டு நிறுத்தி, "மணி மூணு நாப்பத்திரெண்டு" என்று சொல்லத் தொடங்கினார். அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

இரண்டாம் பாதி என் காதில் விழுந்தது. அப்பா தொழிற்சாலைக்குப் போனதும் ஆணியிலிருந்து இறக்கினேன்.

கண்ணாடிக்குள் கூடையோடு ஒரு கறுப்பு மனிதன். மேலிருந்து உருண்டையாக ஏதோ விழும். இடது பக்கம் ஒரு சிவப்புப் பொத்தான், வலது பக்கம் ஒன்று. அமுக்கினால் மனிதன் நகர்ந்து கூடையில் பிடிப்பான். மூன்றைத் தவறவிட்டால் 'பீ' என்று ஒரு சத்தம், ஆட்டம் முடிந்தது. விழுவது என்ன என்று இரண்டு நாள் சண்டை போட்டுக் கடைசியில் தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, என்று முடிவு செய்தோம். ஆனால் அந்த மனிதன் மேல் எங்கள் யாருக்கும் மரியாதை இல்லை. கூடையை முதுகில் போடத் தெரியாமல் முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, இவனெல்லாம் ஒரு வேலைக்காரனா?

சித்தி ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தாள். "இதுக்குள்ள சட்டப் பொத்தான் அளவுல ரெண்டு பேட்டரி இருக்கு. தீந்திச்சுன்னா இந்தப் பக்கம் எங்கயும் கெடைக்காது. பாத்து வெளையாடுங்க."

பாத்து விளையாடுவதாவது! முதல் மூன்று நாளும் லயத்துப் பின்புறம் ஒரே அடிதடி. இரட்டைப் பயல்கள் இருவர் இருந்தார்கள். ஒருவன் ஆட, மற்றவன் அவன் தோளைக் கடித்துவிட்டான். ஆறு வயதான என் தம்பி, ஆட்டம் கிடைக்காவிட்டால் மண்ணில் உருளுவான். அது கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கும் காலம். பீலிக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் விழும். குடத்தை வைத்துவிட்டுக் காவல் இருந்து நிரப்பவேண்டியது பிள்ளைகளின் வேலை. குடங்களைப் பீலியடியில் வரிசையாக வைத்துவிட்டு எல்லோரும் என்னிடம் ஓடி வந்துவிட்டார்கள். ஆடு வந்து ஒரு குடத்தை உருட்டிவிட்டது. சாயங்காலம் வேலைவிட்டு வந்த தாய்மார்கள் கால் கழுவத் தண்ணீர் இல்லாமல் ஆளுக்கொரு பிள்ளையை அடித்தார்கள். விறகு இல்லை, சோறு இல்லை, சின்னதுகள் மூக்கு வழிந்தபடி சாக்கடைக் கானுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. இப்படியே போனால் சாமானைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடுவார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அப்போதுதான் நான் பெரட்டு வைத்தேன்.

தோட்டத்தை அறியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். காலையில் வேலையாட்கள் எல்லோரும் வரிசையில் நிற்பதுதான் பெரட்டு. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். பிந்தி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். மத்தியானமும் மாலையும் கொழுந்தை நிறுப்பார். சொன்ன கிலோ இருந்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொள்வார். கச்சான் காலத்து வெயிலில் ஏது ஈரம் என்று கேட்கும் தைரியம் ஒருவருக்கும் இல்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒழுங்கு இது ஒன்றுதான். ஆகவே நானும் அப்படியே வைத்தேன். லயத்துக்குப் பின்னால், கானோரம், காலை ஒன்பது மணிக்குப் பெரட்டு. தண்ணீர் கொண்டுவந்தவர்கள், விறகு பொறுக்கியவர்கள், சின்னதுகளுக்குச் சோறு ஊட்டியவர்கள் மட்டும் வரிசையில் நிற்கலாம். ஆளுக்கு ஓர் ஆட்டம். அறுபதுக்கு மேல் எடுத்தால் முழுப்பேர், நாளைக்கும் ஓர் ஆட்டம் உண்டு. குறைந்தால் அரைப்பேர், நாளைக்கு ஒரு பழம் தவறவிட்டவுடனேயே சாமானைக் கொடுத்துவிட வேண்டும். பிந்தி வந்தால் பேரே இல்லை. அப்பாவின் பழைய கோட்டை முழங்கால்வரை தொங்கப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு, கணக்கப்பிள்ளையின் கட்டைக் குரலில் நான் கூப்பிடுவேன். மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகக் காலையில் ஓர் ஆட்டமும் மாலையில் ஓர் ஆட்டமும் எனக்கு. அதற்குப் பேர் கிடையாது, அது உத்தியோகம்.

லயமே மாறிப்போனது. எட்டரை மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள். குடங்கள் பாதிதான் நிறைந்திருக்கும். விறகு பச்சையாக இருக்கும், அடுப்பில் வைத்தால் புகையும். தம்பிக்கு நான் சோறு ஊட்டிய வேகத்தில் அவன் மென்றதாக எனக்கு நினைவில்லை. ஆனால் பெரியவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது வரிசைதான். ஒரு காலை, ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பத்துப் பிள்ளைகள் அசையாமல் நிற்கிறார்கள், நடுவில் அவருடைய கோட்டுக்குள் நான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, பெரட்டுக்குப் பழகுதுங்க. எம் மக கணக்கப்பிள்ளை ஆயிருவா" என்று சித்தியிடம் சொன்னார். தோட்டத்தில் பெண் கணக்கப்பிள்ளை ஒருவரைக்கூட அவர் கண்டதில்லை, ஆனாலும் நம்பினார். பாவம் மனுஷன்.

பதவி என்னை என்ன செய்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாலாம் நாள் நான் சாக்குக் கழிவு கொண்டுவந்தேன். எடுத்த எண்ணில் பத்தைக் கழிப்பேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. கணக்கப்பிள்ளை கழிக்கிறார், நானும் கழித்தேன்.

பக்கத்துக் காம்பராவில் எனக்கொரு சிநேகிதி இருந்தாள். எங்கள் எல்லோரையும்விட விரல் ஓடுவது அவளுக்குத்தான். அவள் எடுக்கும் எண்ணைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். அன்றைக்கு அவள் தம்பிக்குக் காய்ச்சல், தூக்கமில்லாமல் வந்து ஆடினாள். அறுபத்தாறு.

"அறுவத்தாறு. சாக்குக்குப் பத்துக் கழிவு. அம்பத்தாறு. அரைப்பேர்!"

"மெஷினுக்கு ஏதுடி சாக்கு?"

"அதெல்லாம் பேசப்படாது. அடுத்தாளு!"

"நேத்து எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான் போட்டாரு" என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் நின்றது. "இந்த வாரம் நாலு நாளு அரைப்பேரு."

நான் குச்சியை ஆட்டிக்கொண்டு, அதே கட்டைக் குரலில், "அப்ப ஒங்க குடும்பமே வேலை சரியில்ல போல" என்றேன்.

சொன்ன மறுகணம் மேலேயிருந்து ஒரு செருமல் கேட்டது. லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு குறுக்குப் பாதை போகும். அங்கே குடையை ஊன்றிக்கொண்டு நிஜக் கணக்கப்பிள்ளை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. காக்கிக் காற்சட்டை, முழங்கால்வரை மேசு என்னும் காலுறை, தொப்பி. அந்த மேசு மேட்டிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"யார் சொல்லிக் குடுத்தது?" என்றார். "தலைவரா? சொல்லு! என்னையக் கேலி பண்ண நாடகம் போட்டுப் பழக்கிறாரா?"

எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவருக்கும் இவருக்கும் அரைப்பேர் விஷயத்தில் பல நாளாக முறுகல். தலைவர்தான் பிள்ளைகளைத் தூண்டிவிட்டுத் தன்னை நையாண்டி பண்ணுகிறார் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். தோட்ட மேலாளரான துரையிடம் போகப்போவதாகச் சொன்னார். யாருடைய பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். எங்கள் அம்மாக்களின் பேர்கள் ஒவ்வொன்றாக அவர் வாயில் வந்தபோது எனக்கு மூத்திரம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சாமானை நீட்டினேன்.

"வெளையாட்டுங்க ஐயா. தோடம்பழம் புடிக்கிறதுங்க. சத்தியமாங்க."

அவர் நம்பவில்லை. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தானை அமுக்கினார். பழம் விழுந்தது. "ஓ" என்றார். குடையைக் கீழே வைத்தார். நாக்கின் நுனி மீசைக்கு வெளியே வந்தது. பழம் இடது பக்கம் விழுந்தால் அவர் உடம்பும் இடது பக்கம் சாயும், வலது பக்கம் விழுந்தால் முழு ஆளும் வலது பக்கம். தொப்பி விழுந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. 'பீ' என்றது.

அப்போது என் சிநேகிதி, கண்ணில் இன்னும் தண்ணீர் நிற்க, வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள்.

"பதினாலு. சாக்குக்குப் பத்துக் கழிவு. நாலு. பேரில்ல. நாளைக்கு வாங்க."

இதோ அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். தகரத்தைக் காற்று தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவருடைய குரல்.

"நாலா? அநியாயமா இருக்கே! பதினாலு எடுத்தேனே, எல்லாரும் பாத்தீங்கதானே?"

"அப்ப நாங்க கழிக்கல ஐயா" என்றாள் அவள். "நீங்களும் கழிக்காதீங்க."

அவர் அவளைப் பார்த்தார். சாமானை அவள் கையில் கொடுத்தார். தொப்பியை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு, மேட்டில் பாதி ஏறியபின் திரும்பி நின்றார்.

"நாளைக்கு எத்தன மணிக்குப் பெரட்டு?"

அன்று மாலை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கழிவு இல்லை. அம்மாவுக்கு முழுப்பேர். சிநேகிதியின் அம்மாவுக்கும் முழுப்பேர். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இஸ்தோப்புத் திண்ணையில் அப்படியே உட்கார்ந்து, நம்ப முடியாதவளாகத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பதவி அன்றோடு போனது. யாரும் பிடுங்கவில்லை. மறுநாள் எல்லோரும் சிநேகிதியைப் பார்த்து வரிசையில் நின்றார்கள், அவ்வளவுதான். கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். "வேணாம், நாறுது" என்றாள். கோபம் போகவில்லை என்று தெரிந்தது. ஆனால் என் முறை வந்தபோது ஒழுங்காகக் கூப்பிட்டாள்.

பிறகு தினமும் மத்தியானம் பன்னிரண்டரைக்கு, நிறுவை முடிந்ததும், தண்ணீர் குடிக்க வருவதாகச் சொல்லிக்கொண்டு கணக்கப்பிள்ளை வருவார், எங்கள் பெரட்டும் அந்த நேரத்துக்கு மாறியது. அப்போது பெரியவர்கள் யாரும் லயத்துப் பின்பக்கம் வரமாட்டார்கள். முதல் நாள் நேராக முன்னால் வந்து கையை நீட்டினார். "வரிசையில நில்லுங்க ஐயா" என்றான் என் தம்பி. நின்றார். இரட்டைப் பயல்களுக்குப் பின்னால், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஐம்பது வயது மனுஷன். அவர் ஆடும்போது தொப்பி தம்பியின் தலைக்குப் போய்விடும், மூக்குவரை இறங்கிவிடும். அதற்குள்ளிருந்து அவன் புத்தி சொல்வான். "அவசரப்படாதீங்க ஐயா. நடுவுல நில்லுங்க. கண்ணு மேல இருக்கணும்." அவரும் "சரி சரி" என்பார். முப்பத்தொன்று எடுத்தார். ஐம்பத்தெட்டு எடுத்தார். நூற்றைத் தாண்டிய அன்று மாலை, தராசு முள்ளைப் பார்க்காமலேயே எண்ணைச் சொன்னாராம். சிநேகிதியின் அம்மாவுக்குப் பறிக்காத கொழுந்து இரண்டு கிலோ கூடியது.

மூன்று கிழமை, இருபத்தொரு நாள், எங்கள் லயத்துக்கு அரைப்பேர் என்பதே இல்லை. இதற்குப் பெரியவர்கள் கண்டுபிடித்த காரணங்கள்தான் வேடிக்கை. தலைவர், தான் போட்ட சத்தத்தில் அந்த ஆள் பயந்துவிட்டான் என்று சொல்லி, கூட்டம் வைத்துத் தனக்குத் தானே நன்றி சொல்லிக்கொண்டார். அம்மா மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள். சித்தி தான் கொடுத்த பேரீச்சம்பழம்தான் ஆளை இளக்கியது என்றாள். ஒரு கைப்பிடிதான் கொடுத்திருந்தாள். நாங்கள் பதினொரு பேரும் பொங்கலைத் தின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

பிறகு ஒரு நாள் கண்ணாடிக்குள் மனிதன் வெளிறத் தொடங்கினான். சாய்த்துப் பார்த்தால்தான் பழம் தெரிந்தது. சிநேகிதி அதை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு எங்களை எல்லாம் பீலியடிக்குக் கூட்டிப் போனாள்.

"பேட்டரி தீரப்போவுது. தீந்தா அந்தாளு வரமாட்டாரு. வரலன்னா திரும்பவும் கழிப்பாரு. இனிமே நம்ம ஒருத்தரும் தொடக்கூடாது. ஐயா மட்டும்தான், ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம்."

இரட்டைப் பயல்கள் அழுதார்கள். தம்பி மண்ணில் உருண்டான். ஆனாலும் ஒவ்வொருவராகப் பீலித் தண்ணீரில் கை வைத்துச் சத்தியம் செய்தோம். நானும் கை வைத்தேன். தண்ணீர் குளிர்ந்தது.

அதற்குப் பிறகு அவசரப்பட்டு முடிக்க வேலை எதுவும் இல்லை என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். குடங்கள் நிறையும்வரை நின்றார்கள். விறகுக்குப் போனவர்கள் கொய்யா மரத்தில் ஏறினார்கள், ஆற்றில் இறங்கினார்கள், முழங்காலில் சிராய்ப்போடு வந்தார்கள். கல்யாண வீட்டில் சொல்கிறோமே, காடு மேடெல்லாம் ஓடியாடினோம் என்று, எங்கள் லயத்தைப் பொறுத்தவரை அது அந்தச் சில நாள்தான். அதுவும் பேட்டரி புண்ணியத்தில்.

நான் மட்டும் ஓடவில்லை. வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டில் நின்றேன்.

நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயங்களைக் கேளுங்கள். சாமான் யாருடையது? என்னுடையது. சித்தி யாருக்குச் சித்தி? எனக்கு. என் சாமானில் கணக்கப்பிள்ளை ஆடலாம், நான் ஆடக்கூடாதா? ஒரே ஓர் ஆட்டம், அதுவும் மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்குத்தான். மாட்டுப் பட்டிக்குப் பின்னால் போய், சத்தம் கேட்காமலிருக்கப் பாவாடைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஆடினேன். யாரும் பக்கத்தில் இல்லாததால் விரல் நன்றாக ஓடியது. முந்நூறு. நானூறு. ஒரு நாளைக்கு ஒன்று என்று தொடங்கியது நாலு நாளில் ஏழெட்டாகிவிட்டது.

அதில் ஒரு நாள் அகப்பட்டிருப்பேன். ஆடிக்கொண்டிருந்தபோது பிள்ளைகளின் சத்தம் கேட்க, நேரம் காட்டும் பக்கத்துக்கு மாற்ற மறந்து அப்படியே ஆணியில் மாட்டிவிட்டு வெளியே ஓடிவிட்டேன். நான் எடுத்திருந்த எண் ஐந்நூற்று நாற்பத்தெட்டு. அந்தக் கிழமை அப்பாவுக்கு மாலை ஆறு மணி ஷிஃப்ட். மூன்றரைக்குத் தூங்கி எழும்பியவர் ஆணியைப் பார்த்தார். ஐந்து, நாலு, எட்டு. ஐந்து நாற்பத்தெட்டு! சாரத்தை உதறிக் காற்சட்டை மாட்டி, சட்டைப் பொத்தானைப் போட்டும் போடாமலும் இறக்கத்தில் விழுந்தடித்து ஓடினார். தொழிற்சாலையில் எல்லோரும் கேலி பண்ணி அனுப்பினார்கள். திரும்பி வந்து சாமானின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது சவூதி நேரத்தைக் காட்டுது" என்றார்.

"அங்க நேரம் பின்னாலல்ல இருக்கும் மச்சான்?" என்றாள் சித்தி.

"பிளேன்ல வந்த வேகத்துல முன்னால போயிருக்கும்."

சிரிக்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் நான் குசினிக்குள் போய் அடுப்பை ஊதினேன். அந்த நேரத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. மறுநாளும் பட்டிக்குப் பின்னால் போனேன்.

அன்றைக்கு எனக்கு எல்லாமே கூடி வந்தது. அறுநூறு போனது, எழுநூறு போனது. பழங்கள் மழையாக விழுந்தன, ஒன்றுகூடத் தவறவில்லை. எண்ணூற்றுப் பன்னிரண்டு. என் வாழ்நாளில் அதற்குப் பிறகு நான் எதிலும் அவ்வளவு உயரம் போனதில்லை. பார்த்தது ஒரு கன்றுக்குட்டி மட்டும். எண்ணூற்றுப் பதின்மூன்றாவது பழம் பாதி வழியில் நின்றது. பிறகு பழம் மங்கியது, கூடை மங்கியது, அந்த மனிதனும் போய்விட்டான். வெறும் சாம்பல் கண்ணாடி. தட்டினேன், குலுக்கினேன், பேட்டரியைக் கழற்றி நக்கிப் போட்டுப் பார்த்தேன். கொண்டுபோய் மாட்டிவிட்டு, நேரே பீலியடிக்குப் போய்ச் சிநேகிதியோடு சேர்ந்து குடம் கழுவினேன்.

மறுநாள் பன்னிரண்டரைக்குக் கணக்கப்பிள்ளை வந்தார். பொத்தானை அமுக்கினார். திரும்ப அமுக்கினார். டார்ச் பேட்டரியை வைப்பதுபோல் பேட்டரி இரண்டையும் வெயிலில் கல்லின்மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் குந்திக்கொண்டு காவல் இருந்தார். பிறகு கக்கத்தில் வைத்துச் சூடாக்கினார். ஞாயிற்றுக்கிழமை கைக்குட்டையில் சுற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனார். பஜாரில் மணிக்கூடு திருத்தும் முஸ்லிம் நானா, கொழும்பிலேயே கஷ்டம் என்று சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, பிள்ளைகள் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் மேடு ஏறிப் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அன்று மாலை கழிவு திரும்பி வந்தது. தொழிற்சாலையில் நிறை குறைந்து கணக்கு இடிக்கிறது என்று துரை ஏசியதாகவும், அதனால்தான் அந்த ஆள் மாறினார் என்றும் ஒரு பேச்சு பிற்காலத்தில் என் காதில் விழுந்தது. இருக்கலாம். எத்தனையோ வருஷமாக நான் அந்தப் பேச்சைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன், முழுதாக நம்பத்தான் முடியவில்லை.

அம்மா வந்து கூடையை இறக்கினாள். "அரைப்பேரு" என்றாள். அடுப்படிக்குப் போய்ப் பாலில்லாத சாயத்தண்ணி வைத்தாள். தம்ளரை ஊதிக்கொண்டே, "பொங்க வச்சதுல ஏதோ கொற போல" என்றாள். "அரிசி சரியாக் களையலையோ என்னவோ. நீதானே களைஞ்ச?"

"நல்லாத்தான் களைஞ்சேன்" என்றேன்.

வெளியே வந்தேன். அடுத்த காம்பரா வாசலில் சிநேகிதியின் அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். சிநேகிதி பீலியிலிருந்து நிறைகுடத்தோடு வந்து, அதை இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்த்தாள். நான் அழுகிற மாதிரி இருந்திருக்கவேண்டும். அந்த மாதத்தில் முதல் தடவையாக அவளாகவே பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்தாள்.

"அழுவாத புள்ள. நம்ம வெறகுக்குப் போன நேரத்துல அந்தாளு ஒன்னுன்னு சொல்லிட்டு ஒன்பது ஆடியிருப்பாரு. நம்ம என்ன செய்ய? நம்ம ஒருத்தரும் தொடலையே."

அவள் கை ஈரமாக இருந்தது. என் கையை இழுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஆமா" என்றேன்.